தேயிலைக்கு ஈடு கல்நாரா?

2017ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ருஷியாவுக்குச் சென்ற இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாம். அந்நாடு நம் தேயிலையைத் தடுத்து நிறுத்திற்று. 2018 ஜனவரி முதல் கல்நார்க் கூரைத் தகடுகளைத் தடை செய்வதென முடிவு செய்திருந்த இலங்கை அரசு, அதே திங்களில் அத்தடையைத் தள்ளிவைத்தது. சில நாள்களில் தேயிலைக்கு வழி திறந்தது. வண்டுக்கும் கல்நாருக்கும் என்ன உறவு என்று கேட்பார் கேட்கட்டும். உலகிலேயே மிகுதியாகக் கல்நார் தோண்டி விற்கும் நாடு ருஷியா என்பதை மட்டும் குறித்து அமைகிறோம்.

அத்தேயிலையில் ஊவாவின் கொழுந்தும் உண்டு. பசறையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் மழையில் நனைந்து கொழுந்தெடுத்தவர்களின் சுவாசத்தை அல்லவா அன்று பேரம் பேசினார்கள்! அவர்களை எவர் கேட்டார்?

கல்நார், பாறையில் விளையும் நார். கண்ணுக்குப் புலனாகாத அதன் இழைகள் மூச்சுடன் உட்சென்றால் உடல் அவற்றை எளிதில் கரைக்கவோ வெளியேற்றவோ இயலாது. நுரையீரலைப் போர்த்திய மெல்லிய சவ்வில் அவை விளைக்கும் புற்றுநோயே மீசோதீலியோமா. 1960இல் வாக்னர் என்னும் மருத்துவரும் அவர் தோழரும் தென்னாபிரிக்காவில் இத்தகைய நோயாளர் 33 பேரைப் பற்றி எழுதினர். அவர்களுள் சுரங்கத்தில் வேலையே செய்யாமல், சிறுவயதில் அதன் அயலில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். இலங்கை 1987இல் நீலக் கல்நாரைத் தடுத்தது. வெள்ளைக் கல்நார் நின்றது. தக்க காப்புடன் கையாண்டால் வெள்ளை தீங்கற்றது என்பர் வணிகர். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. காப்புடன் கையாளுவதாம்! லயத்துக் கூரையில் ஏறும் பாஸ்மாருக்கு முகமூடி கொடுத்த தோட்டம் எது?

கூரையை அஞ்சி எவரும் வீட்டைவிட்டு ஓட வேண்டா. சிமெந்தில் இறுகிய நார், தகடு முழுதாயிருக்கும்வரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதுமே தூசு கிளம்புகிறது. பனி மூடும் நம் மலைகளில் தகட்டின்மேல் பாசி படரும். அதைக் கம்பித் தூரிகையால் உலரத் தேய்ப்பது பெருந்தீங்கு. உடைந்த துண்டுகளை நொறுக்கிப் பாதையில் பரப்புவதும் அவ்வாறே. அறுத்துத்தான் ஆகவேண்டுமெனில் நீர் தெளித்துக் கைவாளால் அறுக்க; மின்வாள் ஆகாது. அவ்வுடையை வீட்டுத் துணியுடன் சேர்த்துத் துவைக்கலாகாது. கணவன் உடையை உதறித் துவைத்த மனைவியர் இந்நோயால் மாண்டதை மேலைநாடுகள் கண்டுள்ளன.

இந்நோய் தோன்ற இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் செல்லும். இங்கேதான் அநீதி பிறக்கிறது. 1985இல் தகடு அறுத்த இளைஞனுக்கு இன்று மூச்சுத் திணறுகிறது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று கொள்வோம். அன்று தோட்டம் அரசுடையது. 1992 முதல் நிருவாகம் கம்பனிகளின் கையில். அரசு கம்பனியைச் சுட்டும். கம்பனி அரசைச் சுட்டும். சேமலாப நிதி ஏட்டில் அவன் பெயர் இருக்கும். அவன் தகடு அறுத்தான் என்ற செய்தி இராது. சான்றில்லாதவனுக்கு நட்டஈடு ஏது? மருத்துவரும், புகையிலையோ காசமோ என எழுதி முடித்துவிடக்கூடும்.

ஆகவே, தள்ளிவைத்த தடைக்கு நாள் குறிக்கும்படி ஊவாவின் மக்கட்பிரதிநிதிகள் பாராளுமன்றத்திற் கேட்கவேண்டும். புதிய தோட்ட வீடுகளுக்குக் கல்நாரற்ற கூரையே வேண்டுமெனத் தொழிற்சங்கங்கள் வற்புறுத்த வேண்டும். தகரம் வெக்கையென்றால் ஓடு இருக்கிறது, செலவு கூடட்டும். பதுளை வைத்தியசாலையிலும் தோட்ட மருந்தகங்களிலும் மூச்சுத்திணறலோடு வரும் முதியோரிடம், “முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டு, விடையை ஏட்டில் எழுதி வைக்கவேண்டும். இதற்குப் புதுச்சட்டம் வேண்டுவதில்லை. நாளைக் காலையே தொடங்கலாம்.