கையெழுத்து வாங்கினால் கூலிக்கடன் தீருமா?

பிணக்கை வளர்க்காமல் சமாதானமாகப் போவதை இஸ்லாம் விரும்புகிறது. ஆயினும் ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் செல்லாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த எல்லை. கூலி பாக்கி விஷயத்தில் இந்த எல்லையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்று இங்கே சிந்திக்கத் தக்கது. லின்ஸ் ஃபுட் ஸ்டோர்ஸ் என்ற நிறுவனம் தன் பணியாளர்களுக்கு 10,000 டாலருக்கும் அதிகமாகக் கூலி பாக்கி வைத்திருப்பதாக அந்நாட்டுத் தொழிலாளர் துறை கண்டறிந்தது. நிறுவனமோ பணியாளர்கள் 14 பேரை நேரில் அணுகி, அனைவருக்குமாக 1,000 டாலர் மட்டும் கொடுத்து, உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டது. அவ்வுடன்பாட்டை ஏற்க 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. தங்களுக்குச் சேர வேண்டியது எவ்வளவென்று அவர்கள் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்காகப் பேச வழக்கறிஞரும் இல்லை. இத்தகைய சமாதானம் தொழிலாளர் துறையின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். அல்லது தொழிலாளி தொடுத்த வழக்கில் நீதிபதி ஆராய்ந்து, நியாயமானதென ஏற்க வேண்டும் என்றது தீர்ப்பு. 2015இல் நியூயார்க்கை உள்ளடக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளைச் சமரசத்தால் நிரந்தரமாக முடிக்க ஒப்புதல் தேவை என்றது.

இதனால் தாமதம் நேரும், இன்றே கிடைக்கும் சிறுதொகையும் தள்ளிப்போகும் என்பர் சிலர். அதில் உண்மையுண்டு. ஆனால் வீட்டு வாடகைக்கு வழியற்றவனின் 'சரி' என்ற சொல், மனம் விரும்பிச் சொன்னதாகுமா? மனமுவந்து தராத பொருள் பிறருக்கு ஹலாலாகாது என்பதன்றோ நம் மார்க்கத்தின் நிலை!

நம் கடைகளிலும் வீடுகளிலும் வேலையைவிட்டு நிற்பவரிடம் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து, "மீதியை ஹலாலாக்கிவிடுங்கள்" என்கிறோம். அவரும் தலையசைக்கிறார். மீதி எவ்வளவென்று அவருக்குச் சொன்னோமா? கணக்கேட்டைக் காட்டினோமா? ஜமாஅத் பெரியவர் ஒருவரையேனும் உடன் வைத்துப் பேசினோமா?

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. உலக நீதிமன்றமே செல்லாதென ஒதுக்கும் கையெழுத்தை அந்தச் சபையில் எப்படி நீட்டுவோம்? முதலில் கணக்கைச் சொல்வோம். உரியதை முழுதாகக் கொடுப்போம். அதன்பின் அவராக விட்டுக்கொடுத்தால், அதுவே மன்னிப்பு.