பச்சை வர்ணம் பூசினால் போதுமா?

கடந்த வாரம் எனது தம்பியின் மகன் ஒரு சிறிய அட்டைப்பெட்டியுடன் வீட்டிற்கு வந்தான். பொறியியல் பயிலும் மாணவன். பெட்டிக்குள்ளே, அசலின் 43இல் ஒரு பங்கு அளவில் உலோகத்தில் வார்க்கப்பட்ட மொரிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. "பெரியப்பா, இதைக் கழற்றி, இராணுவப் பச்சை பூசி, முன்னால் ஒரு சின்னக் கொடியும் நட்டு, இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்டாஃப் காராக மாற்றப் போகிறேன். பீடத்தில் 'கண்டி, 1944' என்று எழுதப் போகிறேன்" என்றான்.

"மொரிஸ் மைனர் எந்த ஆண்டில் வந்தது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன்: 1948 அக்டோபரில் இலண்டன் மோட்டார் கண்காட்சியிலேதான் அது முதன்முதலாக உலகின் கண்ணிற் பட்டது. ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டதோ 1945 செப்டெம்பர் 2ஆம் திகதி. இடையில் மூன்று ஆண்டுகள்.

அவன் சிரித்தான். "பழைய கார்தானே, பெரியப்பா? யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?"

இந்தக் கேள்விக்காகவே இப்பதிவை எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருந்தவன் நான். எங்கள் தொழிலை அரித்த கறையான்களுள் முதன்மையானது இந்த 'யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்' என்னும் எண்ணமே.

நானும் அதற்கு விலக்கானவன் அல்லன். உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஞாயிறு இதழொன்றிற்காகக் கோப்பிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தேன். மலைநாட்டு வீதியொன்றில் ஒரு காரும், அருகே சீருடையில் ஒரு வெள்ளையரும். பின்புறத்தில் குறிப்பு எதுவும் இல்லை. 'யுத்த காலத்தில் கண்டி' என்று படவிளக்கம் எழுதி அச்சுக்கு அனுப்பினேன். பத்து நாட்களின் பின் ஒரு அஞ்சலட்டை வந்தது. யுத்த காலத்தில் பிரித்தானிய அதிகாரிகளுக்குச் சாரதியாக இருந்த முதியவர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கார் அப்போது பிறக்கவே இல்லை என்றும், தாம் ஓட்டிய வண்டியின் சில்லு முதல் விளக்கு வரை தமக்கு இன்றும் தெரியும் என்றும், அதைப் பத்திரிகை மறந்தாலும் தம்மால் மறக்க இயலாது என்றும் குறிப்பிட்டிருந்தார். திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன். மேசைத் தலைவர் சிரித்துவிட்டு அஞ்சலட்டையைக் கோப்பில் செருகினார். திருத்தம் வரவில்லை. அம்முதியவருக்கு நான் பதில் எழுதவுமில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னுடன் இருக்கிறது.

ஆகவே, மாதிரிக் காரைத் தெரிவு செய்பவர்களிடம் நான் முன்வைக்கும் முதல் விதி எளிதானது. வர்ணத்தை யோசிக்கு முன் வண்டியின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள்.

இதில் வழுக்கும் இடங்கள் பல. வோக்ஸ்வாகன் வண்டு போருக்கு முந்திய வடிவமைப்புத்தான். ஆனால் 1953 வரை அதன் பின்கண்ணாடி நடுவே பிளவுண்டு இரண்டாக இருந்தது. ஒற்றைக் கண்ணாடி கொண்ட மாதிரிக்குச் சாம்பல் நிறம் பூசி ஜேர்மன் இராணுவ வண்டி என்பது பிழை. சித்ரோவென் ட்ராக்சியோன் 1934 முதல் 1957 வரை உற்பத்தியான கார். பிரான்சு வீழ்ந்தபின் ஜேர்மன் அதிகாரிகளும் அதில் ஏறினர். பின்னர் அவர்களை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகளும் அதன் கதவுகளில் வெள்ளை எழுத்துக்களைத் தீட்டி ஓட்டினர். எனவே அது நல்ல தெரிவே. ஆனால் பின்புறப் பெட்டி புடைத்து நிற்கும் வடிவம் 1952இலேதான் வந்தது. அமெரிக்காவில் 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1942ஆம் ஆண்டு ஃபோர்டின் முகப்புக் கம்பிகள் செங்குத்தானவை. 1946இல் வந்தவை கிடையானவை. உடல் ஒன்றுபோலத் தோன்றும், முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

'இராணுவப் பச்சை' என்பதும் ஒரு சோம்பேறிச் சொல்லே. 1942 முதல் 1944 தொடக்கம் வரை பிரித்தானியாவில் இராணுவ வாகனங்களின் அடிப்படை நிறம் பழுப்பு. ஒலிவ் பச்சை 1944இலேதான் விதியாயிற்று. ஜேர்மன் வாகனங்கள் 1943 தொடக்கம் வரை கருஞ்சாம்பல், அதன்பின் மங்கிய மஞ்சள். அளவும் அவ்வாறே. 1/43 காரின் அருகே 1/35 அளவுச் சிப்பாயை நிறுத்தினால், ஐந்தேமுக்கால் அடி மனிதன் ஏழடி அரக்கனாகிவிடுவான்.

"இது பொழுதுபோக்குத்தானே, இவ்வளவு கண்டிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கற்பனையை நான் தடுக்கவில்லை. மொரிஸ் மைனருக்குப் பச்சை பூசி, கொடி நட்டு, மேசையில் வைத்து மகிழலாம். பீடத்தில் ஊரும் ஆண்டும் எழுதாதவரை அது விளையாட்டு. எழுதிய கணத்தில் அது சாட்சியாகிறது. படத்தின் கீழுள்ள ஒரு வரியைப் போலவே, அதைப் பார்ப்பவர் நம்பிச் செல்வார்.

எனது இரண்டாவது முறைப்பாடு வேறு. ஸ்டாஃப் கார் என்றதும் பலரது கை ஹிட்லரின் மெர்சிடிஸ் 770ஐ நோக்கியே நீள்கிறது. நீண்ட கரிய உடல், பளபளக்கும் குரோமியம், கொடிகள். போரின் பெரும் குற்றவாளி ஊர்வலம் போன வண்டியை அலங்காரப் பொருளாக்கிக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம். அதன் உலோக மினுமினுப்பைத் துடைத்துத் துடைத்துப் பாதுகாக்கிறோம். யுத்தத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது அழகாகத் தோன்றலாம். யுத்தம் வாசலுக்கு வந்துபோன நாட்டில் பிறந்த நமக்குமா?

நல்ல தெரிவு வேறு உண்டு. பிரித்தானிய இராணுவம் பரவலாகப் பயன்படுத்திய ஹம்பர் சூப்பர் ஸ்னைப் போருக்குச் சற்று முன் வந்த ஆறு சிலிண்டர் கார். மொன்ட்கொமரி வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் ஏறிய, 'பழைய விசுவாசி' எனப் பெயர்பெற்ற திறந்த ஹம்பரை ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/32 அளவில் வெளியிட்டது. அதனிலும் எளியது ஒஸ்டின் பத்துக் குதிரைவலுச் சிற்றூர்தி. 'டில்லி' என்று சிப்பாய்கள் அழைத்த அது, குடும்பக் காரின் முன்பாதியுடன் பின்னால் கன்வஸ் கூரை போட்டது. தமியா நிறுவனம் அதனை 1/35 அளவில் தருகிறது. அதிகாரியும் ஏறினார், கடிதப் பையும் ஏறிற்று. யுத்தத்தின் அன்றாட உழைப்பு அத்தகைய வண்டிகளிலேதான் ஓடிற்று.

அவ்வாறு ஒன்றைத் தெரிந்தபின் செய்யவேண்டியவை அதிகமில்லை. முகப்பு விளக்குகளுக்கு இருட்டடிப்பு மூடி இடுங்கள். மட்காப்பின் விளிம்பில் வெள்ளை தீட்டுங்கள். குரோமியத்தின்மேல் வர்ணத்தைப் பூசி மினுமினுப்பைக் கொல்லுங்கள். தூசி சேருங்கள். கடைசியாக, தயவுசெய்து, சாரதி ஆசனத்தில் ஒரு மனிதரை இருத்துங்கள். பெரும்பாலான மாதிரிகளில் பின்னாசனத்தில் தளபதி இருப்பார், முன்னாசனம் வெறுமையாயிருக்கும். வண்டி தானாகவா ஓடிற்று? பிரித்தானியாவில் ஏராளமான பெண்கள் துணைச் சேவையிற் சேர்ந்து இவ்வண்டிகளை ஓட்டினர். பிற்காலத்தில் அரசியான எலிசபெத் 1945இல் அப்படையிற் சேர்ந்து வாகனம் ஓட்டவும் பழுதுபார்க்கவும் பயின்றவர். இங்கே ஓட்டியவர்களுள் எனக்கு அஞ்சலட்டை எழுதியவரும் ஒருவர்.

கண்டிக்கு உண்மையான தொடர்பு உண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவிற்கு மாற்றினார். அதிகாரிகளின் வண்டிகள் அவ்வீதிகளில் ஓடியதில் ஐயமில்லை. ஆனால் 'கண்டி, 1944' என்று எழுத அது போதாது. அங்கே அப்போது எடுத்த படமொன்றில் அந்த வகை வண்டியைக் கண்டபின் எழுது என்று மகனிடம் சொன்னேன்.

அவன் சற்றே முகம் சுளித்தான். இருப்பினும் மொரிஸ் மைனரை அதன் சொந்த நிறத்திலேயே திரும்பப் பெட்டியில் வைத்தான்.

நமது நாட்டில் ஓர் ஆண்டின் படத்தை இன்னோர் ஆண்டின் துயருக்கும், ஓர் ஊரின் பிணத்தை இன்னோர் ஊரின் கணக்கிற்கும் மாற்றி ஒட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களும் தொடக்கத்தில் கேட்டது இதே கேள்விதான். பொம்மைக் காரில் அதற்கு விடைகொடுக்கப் பழகாதவன், செய்தியில் எப்படிக் கொடுப்பான்? கண்டுபிடிக்க ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் அந்த வண்டியை ஓட்டியவராயிருப்பார்.