நெஞ்சு வலியா, குமட்டலா?

புதுச்சேரியிலிருந்து பாரிசில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஓர் அம்மா வந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மகளும் மருமகனும் இரவு வேலைக்குப் போய்விட்டார்கள். நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. அவசர மருத்துவ உதவிக்கு அங்கே 15 என்ற எண். இதயத்துக்குப் பிரெஞ்சில் ‘கேர்’ என்பது அவருக்குத் தெரியும். “ஜே மால் ஓ கேர்” என்கிறார்.

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுமுனையில் இருப்பவர் காதில் விழுவது, “எனக்குக் குமட்டுகிறது” என்பதுதான். நெஞ்சு வலிக்கு “ஜே மால் ஆ லா புவாத்ரீன்” என்று மார்பைச் சொல்ல வேண்டும். மேற்கொண்டு கேள்வி கேட்பார்கள்தான். ஆனாலும் வலியோடு இருப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிது.

ஒரு வாக்கியத்தில் ‘ஓ’, இன்னொன்றில் ‘ஆ லா’. இது ஏன்?

நம் ‘இல்’, ‘கு’ செய்யும் வேலையைப் பிரெஞ்சில் ‘ஆ’ செய்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன் ஆண்பாலுக்கு ‘லு’, பெண்பாலுக்கு ‘லா’, பன்மைக்கு ‘லே’ வரும். ‘ஆ’வும் ‘லு’வும் சந்தித்தால் ‘ஓ’. ‘ஆ’வும் ‘லே’யும் சந்தித்தாலும் காதுக்கு ‘ஓ’தான், எழுத்தில் மட்டும் கடைசியில் ஓர் எக்ஸ் சேரும். ‘உடைய’ என்ற பொருள் தரும் ‘த’, ‘லு’வோடு ‘த்யு’ ஆகும், ‘லே’யோடு ‘தே’ ஆகும். ‘லா’ மட்டும் யாரோடும் ஒட்டாது. உயிரெழுத்தில் தொடங்கும் ஒருமைச் சொல்லுக்கு முன்னும் இந்தச் சேர்க்கை கிடையாது.

ஆங்கிலத்தில் ‘டு நாட்’, ‘டோன்ட்’ இரண்டில் எதையும் சொல்லலாம். பிரெஞ்சில் அந்தச் சலுகை இல்லை. ‘மரம்’ என்பதோடு ‘ஐ’ சேர்த்து ‘மரமை’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா? ‘மரத்தை’தானே! அதே கண்டிப்பு.

இதைப் பழக உடம்பைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. முதுகு ஆண்பால்: ‘ஓ தோ’. வயிறும் அப்படியே: ‘ஓ வாந்த்ர்’. தலை பெண்பால்: ‘ஆ லா தேத்’. தொண்டையும் பெண்பால்: ‘ஆ லா கோர்ஜ்’. இரைப்பை உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘ஆ லெஸ்தொமா’. பல் வலி என்றால், வலிப்பது ஒரே பல்லாக இருந்தாலும், பெரும்பாலும் பன்மைதான்.

‘ஆ லு’ எப்படி ‘ஓ’ ஆயிற்று? பழைய பிரெஞ்சில் அது முதலில் ‘அல்’ என்று சுருங்கியது. மெய்யெழுத்துக்கு முன் வந்த ‘ல்’ ஒலி, காலப்போக்கில் ‘உ’ போலத் தேய்ந்தது. ‘அஉ’ பிறகு ‘ஓ’ ஆனது. ‘ஷெவால்’ என்ற குதிரை பன்மையில் ‘ஷெவோ’ ஆவதும் இதே தேய்மானம்தான்.

ஊர்ப்பெயரும் தப்பாது. ‘லு ஹாவ்ர்’ துறைமுகத்துக்குப் போகிறவர் ‘ஓ ஹாவ்ர்’ போகிறார். லா ரொஷேலுக்குப் போகிறவர் ‘ஆ லா ரொஷேல்’ என்றே சொல்லலாம். மளிகைக் கடையில் கொஞ்சம் அரிசி கேட்டால் ‘த்யு ரீ’. ஒரு கிலோ என்று அளவு சொல்லிவிட்டால் வெறும் ‘த ரீ’ போதும். “ரொட்டி சாப்பிடுவதில்லை” என்று மறுக்கும்போதும் ‘த்யு’ போய் ‘த’ வந்துவிடும்.

நன்றாகப் படித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘அதை’ என்ற பொருளிலும் ‘லு’ வரும். “அதைச் செய்ய மறந்துவிட்டேன்” என்பதில் ‘த லு ஃபேர்’ என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். விதியை அப்போதுதான் படித்து முடித்த உற்சாகத்தில் அங்கேயும் ‘த்யு’ போட்டால் தப்பு.

குமட்டலுக்கு இதயத்தை இழுத்த பிரெஞ்சுக்காரர்கள் தலைமுடியையும் விட்டுவைக்கவில்லை. காலையில் ஒருவர் “ஜே மால் ஓ ஷெவே”, அதாவது முடி வலிக்கிறது என்று முனகினால், அவருக்கு டாக்டர் தேவையில்லை. முந்தின இரவு ஒயின் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.