வேலை செய்த இரும்பு

கட்டில், ஊஞ்சல் விற்கிற கடைகளில் 'ராட் அயர்ன்' என்று போர்டு வைத்திருப்பார்கள். ஏதோ கம்பி சமாசாரம் என்று நினைப்போம். கம்பி ராட் இல்லை சார் இது. டபிள்யூவில் ஆரம்பித்து, நடுவே ஜி.ஹெச். என்று இரண்டு தண்ட எழுத்துக்களைச் சுமக்கிற ராட். நாம் தினமும் மாங்கு மாங்கென்று செய்கிற 'ஒர்க்'கின் பழைய இறந்தகாலம்.

ஆதி இங்கிலீஷில் அது 'வொர்ஹ்டெ'. ஜனங்கள் வாயில் புரண்டு புரண்டு, 'ர' முன்னால் தாவிவிட்டது. மதுரையை மருதை என்கிறோமே, அதே கதைதான். ('பேர்ட்'கூட ஒரு காலத்தில் 'ப்ரிட்'தான்!) அந்த ஜி.ஹெச். அப்போது தொண்டையில் நிஜமாகவே ஒலித்தது. சத்தம் ரிடையராகிவிட்டது, ஸ்பெல்லிங் மட்டும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

1844 மே 24-ம் தேதி வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸ் அனுப்பிய பிரசித்தி பெற்ற தந்தியிலும் இந்த ராட் உண்டு. பைபிள் வாசகம். அன்றாடப் பேச்சில் 'ஒர்க்ட்' என்கிற சாதுவான ஆசாமி எப்போதோ நாற்காலியைப் பிடித்துவிட, ராட் இரும்புப் பட்டறையில் ஒதுங்கியது. சம்மட்டியால் அடித்து வேலை செய்த இரும்பு என்று அர்த்தம். இன்று அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் மைல்டு ஸ்டீல்.

'ஓவர்ராட்' என்று ஒரு வார்த்தை பாக்கி. நரம்பெல்லாம் முறுக்கேறிப் பதறுகிறவன் என்கிறது டிக்‌ஷனரி. பிரித்துப் பாருங்கள்: அளவுக்கு மேல் வேலை வாங்கப்பட்டவன்! மார்ச் 31 ராத்திரி எந்த அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனிலும் நேரில் தரிசிக்கலாம். லீவ் லெட்டரில் 'ஓவர்ஒர்க்ட்' என்று எழுதினால் மானேஜர் சிரிப்பார். 'ஓவர்ராட்' என்று எழுதிக் கொடுங்கள். அவர் டிக்‌ஷனரி தேடுவதற்குள் பஸ் பிடித்துவிடலாம்.