இரண்டு கதவா, நான்கு கதவா?

வலியசாலை என்றால் பெரிய சாலை என்று பொருள். இந்தச் 'சாலை' வண்டி ஓடும் சாலை அன்று, கல்விச் சாலை. முதலாம் ராஜராஜன் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நம் தெருக்களின் அகலத்தைப் பார்க்கும்போது, அது வண்டிச் சாலையாக இருந்திருக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தெருக்களில்தான் இப்போது பிக்கப் வண்டிப் பேச்சு அடிபடுகிறது. கடை வைத்திருப்பவர்களுக்கும், ஊரில் கொஞ்சம் நிலமோ தோப்போ மிச்சமிருப்பவர்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் வந்தது. ஆறு மாதமாக நடந்த அந்த வாக்குவாதத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

என் மைத்துனர் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவர். "அத்தான், ரெண்டு கதவு வண்டி வாங்குங்க. லோடும் ஏத்தலாம், கோயிலுக்குப் போறப்ப பிள்ளைகளைப் பின்னால உட்கார வச்சுக்கலாம்" என்றார். மகனுக்கு நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை, மலையேறும் வண்டி வேண்டும். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. "யெய்யா, எதை வாங்கினாலும் எனக்கு ஏறி உட்கார ஒரு படி இருக்கணும்" என்றாள். மூவரில் சரியாகப் பேசியவள் அவள்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

மைத்துனர் சொன்ன அந்தப் 'பின்னால' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு 1996-ஆம் வருடத்துப் பங்குனி உத்திரம் நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்துச் சாஸ்தா இருப்பது திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில். கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தச் செம்மணல் தெரிந்திருக்கும். அங்கே தார்ச்சாலை உண்டு. எங்கள் சாஸ்தாவோ தார்ச்சாலையை விட்டு உள்ளே, முந்திரியும் பனையும் நிற்கிற மணலுக்குள் இருக்கிறார். அந்த வருடம் தெரிந்தவர் ஒருவரின் இரண்டு கதவு பிக்கப்பை வாங்கிக்கொண்டு, முன்னால் மூன்று பேரும் பின்தட்டில் பாய் விரித்துப் பதினொரு பேருமாகப் போனோம்.

மணலில் வண்டி புதைந்தது. அதற்குக் காரணம் உண்டு. சாதாரண பிக்கப்பில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, இழுப்பது பின் சக்கரம். பின்தட்டு காலியாக இருந்தால் பின் சக்கரத்தின் மேல் எடை கிடையாது. சக்கரம் சுழன்று குழி பறித்துக்கொள்ளும். அதனால் எங்கள் டிரைவர் என்ன செய்தார் தெரியுமா? இறங்கி நின்றவர்களையெல்லாம் மறுபடி ஏற்றி, "எல்லாரும் கடைசியில போய் நில்லுங்க" என்றார். நாங்களே பாரமானோம்! வண்டி திடீரென்று பிடித்து எகிறியது. என் தங்கை பின்கதவுக்கு மேலாக மணலில் விழுந்தாள். கீழே மணலாக இருந்ததால் ஒரு கை முறிவோடு தப்பினாள். அவளுக்கு அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது. டிரைவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஏறி நின்றது நாங்கள்தாம்.

எல்லோரும் மணலில் விழுவதில்லை. 2024 மே மாதம் சத்தீஸ்கரில் கவர்தா பக்கம் பீடி இலை பறித்துத் திரும்பியவர்களை ஏற்றி வந்த பிக்கப் பள்ளத்தில் கவிழ்ந்து 19 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். செய்தியைப் படித்தபோது எனக்குத் தங்கையின் கைதான் கண்ணில் நின்றது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பின்தட்டு சரக்குக்கு உரியது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாயக் காப்பீட்டின் கீழ் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 1994-இல் வந்த சட்டத் திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையும் அவர் அனுப்பும் ஆளையும் மட்டுமே சேர்த்துக்கொண்டது. அத்தையும் சித்தியும் பிள்ளைகளும் அதில் வரமாட்டார்கள். நஷ்டஈடு கேட்டு வந்தால் அது வண்டிக்காரரின் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ஆகவே கேபின் எவ்வளவு பெரியது என்பது, என் கருத்தில், வசதியைப் பற்றிய கேள்வி அன்று. வீட்டில் எத்தனை பேர் அந்த வண்டியில் வழக்கமாகப் போவார்கள் என்று முதலில் எண்ணுங்கள். அத்தனை பேருக்கும் கூரைக்கு அடியில், பெல்ட்டோடு இடம் இருக்கவேண்டும். இரண்டு கதவு வண்டியில் டிரைவரோடு இரண்டு அல்லது மூன்று பேர். அதற்கு மேல் போனால் அந்த வண்டி உங்களுக்கானது அன்று, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. முன் இருக்கைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு, மடக்கு இருக்கை வைத்த நீட்டிய கேபின். ஜப்பானின் டாட்சன் கம்பெனி 1977-லேயே 'கிங் கேப்' என்ற பெயரில் இதை விற்றது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் வாங்குகிறார்கள். பெர்த்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் அப்படி ஒன்று வைத்திருக்கிறான். பின்னிருக்கையில் அவனுடைய நாய் உட்காருகிறது. நாய்க்கு அது சரியான அளவுதான். நம் நாட்டுக் கடைகளில் இந்த வகை அநேகமாக இல்லை என்பதால் இதை விட்டுவிடலாம்.

இனி நான்கு கதவு. இதில் இரண்டு ஜாதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மகீந்திராவின் பொலேரோ கேம்பர் போன்றவை உழைக்கும் வண்டிகள். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் ஒரு டன் அளவுக்குப் பாரமும் ஏறும். ஆனால் மஞ்சள் போர்டு. ஆர்.சி. புத்தகத்தில் அது சரக்கு வண்டிதான், எஃப்.சி.க்கு அடிக்கடி ஓடவேண்டும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடந்தோறும். வேலையாட்களோடு சரக்கு கொண்டுபோகிற கடைக்காரருக்கு இது நல்ல வண்டி. ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுமுன், ஆர்.சி.யில் எத்தனை இருக்கை எழுதியிருக்கிறது, பாலிசியில் அந்த இருக்கைகளுக்கு பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வேண்டும்.

மற்ற ஜாதி, சொந்த வண்டியாகவே வெள்ளை போர்டில் பதிவாகிறவை. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசூ வி-கிராஸ் 2016-இல் வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் வந்தது. என் மகன் படம் வெட்டி ஒட்டி வைத்திருந்தது இவற்றைத்தான். வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறை எங்கள் தெருவில். இவற்றின் நீளம் ஏறக்குறைய 5.3 மீட்டர், அதாவது பதினேழரை அடி. என் வீட்டு முகப்பு பதினான்கு அடி. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. மீதி மூன்றரை அடி வண்டி அடுத்த வீட்டு மாமியின் கோலத்தின் மேல் நிற்கும். மாமி எதுவும் சொல்லமாட்டார். மறுநாள் காலை கோலம் போட வண்டியைச் சுற்றி வருவார், அவ்வளவுதான். அதை நான் தினமும் பார்க்கவேண்டுமே!

திருப்புவதும் சிரமம். ஒரே வீச்சில் வளைய 12 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். நம் தெருவில் அது ஏது? வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் கேட்டு வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம். ஐந்து தடவை முன்னும் பின்னும் போயிற்று, பால்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்.

நான்கு கதவு வைத்தால் பின்தட்டு சுருங்கும் என்பதையும் மறக்கவேண்டாம். மேற்சொன்ன வண்டிகளில் தட்டு ஒன்றரை மீட்டர் அளவுதான். வாழைத்தார் அடுக்கலாம், தேங்காய் மூட்டை போடலாம், பம்பு மோட்டார் கொண்டுபோகலாம். பத்தடிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின் சக்கரத்துக்குப் பட்டை ஸ்பிரிங், பாரம் சுமக்கச் செய்தது. காலி வண்டியில் குதிக்கும். பின்னிருக்கையின் சாய்மானமும் காரைப்போல் சரிந்திராது, நிமிர்ந்து நிற்கும். அம்மாவை அதில் உட்காரவைத்துக் கரமனை வரை போய் வந்தோம். இறங்கியதும் "முதுகு பரவாயில்லை, படி உயரம்" என்றாள். ஒரு படிக்கட்டை மாட்டினால் தீரும் குறை அது.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா? விதுரைக்கு அப்பால் போனக்காடு தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் வாரம் ஒருமுறை போகிறவருக்கு வேண்டும். எங்களைப்போல் தேரிக்காட்டில் வருடத்துக்கு நாலு நாள் போகிறவர்களுக்கு, பின்தட்டில் நாலைந்து மணல் மூட்டையைக் கட்டிவைத்து, டயரில் காற்றை 18, 20 அளவுக்கு இறக்கி, நிதானமாகப் போனால் இரண்டு சக்கர இழுவையே பெரும்பாலும் போதும். திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மறுபடி அடித்துக்கொள்ளவேண்டும். கையில் ஒரு பம்பு இருக்கட்டும். இன்னொன்று: கேபினும் தட்டும் சேர்ந்து நீண்ட வண்டிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். மேட்டுத் திட்டைத் தாண்டும்போது வயிறு தட்டும். இழுவை எத்தனை சக்கரமானாலும் அதற்கு மருந்தில்லை, சுற்றிப்போவதுதான் வழி. மகனுக்கு இது பிடிக்கவில்லை.

"சரக்குக்கு டெம்போ, கோயிலுக்கு வேன் என்று வாடகைக்குப் பிடித்தால் பிக்கப்பே வேண்டாமே?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நம்மில் பாதிப் பேருக்கு இதுவே சரியான பதில் என்று நினைக்கிறேன். சாலைக் கடைத்தெருவில் வாடகை டெம்போவுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் திருவிழாவுக்காகப் பல லட்சம் கடன் வாங்குவது புத்தியாகாது. எங்கள் கணக்கு வேறாக இருந்ததற்குக் காரணம் உடன்குடிப் பக்கத்துத் தோப்பு. மாதத்தில் இரண்டு முறை, போக 150 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து பேர். திரும்பும்போது தேங்காயும் கருப்பட்டியும். ஐந்து பேரும் சரக்கும் ஒரே வண்டியில் என்றால் நான்கு கதவு தவிர வேறு வழியில்லை.

கடைசியில் இசுசூவின் ஹைலேண்டர் என்ற, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நான்கு கதவு வண்டியைப் பழையதாக வாங்கினோம். 2021-இல் விற்பனைக்கு வந்த வகை அது, வெள்ளை போர்டு. கடைச் சரக்கு அதில் ஏறாது, அதற்கு டெம்போதான். கிள்ளியாற்றுப் பக்கம் ஒருவரிடம் மாத வாடகைக்கு இடம் பிடித்து அங்கே நிறுத்துகிறோம். வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. மழையில் அது தொல்லை என்று மகன் முணுமுணுக்கிறான். மாமியின் கோலம் அப்படியே இருக்கிறது.

இந்தப் பங்குனி உத்திரத்துக்குத் தங்கை குடும்பமும் வருகிறேன் என்றாள். மொத்தம் ஒன்பது பேர். "பின்னால நாலு பேரு உட்கார்ந்துக்கலாமே, மாமா" என்றான் அவள் மகன். பதிலை அவளே சொன்னாள். அவர்கள் நால்வரும் நாகர்கோவில் வழியாகப் பஸ்ஸில் வந்தார்கள். தேரி ஓரத்தில் இறங்கி, மணலில் எங்களோடு நடந்தார்கள்.