மூழ்கும் மீனவனின் குரல் எந்தச் சிப்பில் வரும்?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பலர் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு தொலைவுக்கு வயர்லெஸ் எட்டவில்லை. எங்கே தேடுவதென்றே கரைக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துக் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த குடும்பங்கள், காணாமல்போனவர்களைத் தேடச் சொல்லித்தான் கதறின.

அதே கடலில் இன்று பாலித்தீன் உறையில் சுற்றிய கைபேசியை எடுத்துப் பார்த்தால் டவர் இருக்காது. ஆனால், வரைபடத்தில் நீலப் புள்ளி பிசகாமல் நகர்ந்துகொண்டிருக்கும். செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு இடத்தைக் கணக்கிட டவர் தேவையில்லை. அந்த இடத்தைக் கரைக்குச் சொல்லத்தான் கைபேசிக்கு வழியில்லை. படகு கவிழும் இடம் கைபேசிக்குத் தெரிந்திருக்கும், கடலோரக் காவல்படைக்குத் தெரியாது. இந்தக் கொடுமையை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

தொழில்நுட்பம் வராமல் இல்லை. செயற்கைக்கோள் வழியே அபயச் செய்தி அனுப்பும் கைபேசிகளை ஆப்பிளும் ஹுவாவேயும் 2022-லேயே விற்கத் தொடங்கிவிட்டன. மறு ஆண்டு ஹுவாவேயின் மேட் 60 ப்ரோ செயற்கைக்கோள் வழியே பேசவே வழிசெய்தது. அமெரிக்கத் தடையை மீறி 7 நானோமீட்டர் சிப்பை சீனா எப்படிச் செய்தது என்றுதான் உலகம் சண்டையிட்டது. அந்தக் கைபேசி எத்தனை உயிரைக் காக்கும் என்ற பேச்சே எழவில்லை.

நம் கதையும் அதுதான்; இங்கும் பேச்சு சிப்பைப் பற்றியே. இருப்பிடம் காட்டும் இந்தியாவின் நேவிக் செயற்கைக்கோள்கள் தொடக்கத்தில் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் ஒலிபரப்பின. மலிவு விலைக் கைபேசிச் சிப்புகளோ எல்1-ஐ மட்டுமே கேட்பவை. 2022-ல் கைபேசிகளில் நேவிக் வசதியைக் கேட்டது அரசு. சிப்பை மாற்றினால் செலவு கூடும் என்று நிறுவனங்கள் முனகின. காலக்கெடு எதுவும் விதிக்கவில்லை என்று அரசு பின்வாங்கியது. 2023 மே மாதம் என்விஎஸ்-01 என்ற நேவிக் செயற்கைக்கோள் எல்1-உடன் விண்ணுக்குப் போனது. அடுத்த செயற்கைக்கோள் 2025 ஜனவரியில் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை.

ஒரு லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்த ரூ.364 கோடியில் மத்திய அரசு திட்டம் தொடங்கியிருப்பதை மனதார வரவேற்கிறோம். இரு வழிச் செய்தி தரும் கருவி அது. ஆனால், அது படகில் திருகி மாட்டப்பட்டது. படகு கவிழ்ந்தால் பெட்டியும் கவிழும். தண்ணீரில் தத்தளிப்பவன் கையில் என்ன இருக்கிறது?

மும்பைத் தாக்குதலுக்குப் பின் செயற்கைக்கோள் தொலைபேசிமீது இறுகிய கெடுபிடியின் காரணம் நமக்குப் புரிகிறது. உரையாடலுக்கு அது பொருந்தலாம். இருப்பிடத்தையும் ‘காப்பாற்றுங்கள்’ என்ற சொல்லையும் மட்டும் மீட்பு மையத்துக்கு அனுப்பும் செய்திக்கு எதற்குக் கெடுபிடி? அதற்கு விலக்களிக்க வேண்டும். இருப்பிடம் காட்டும் சிப்புக்கு 7 நானோமீட்டர் நுட்பமும் வேண்டியதில்லை. 28, 40 நானோமீட்டரே போதும். குஜராத்தின் தோலேராவில் ரூ.91,000 கோடியில் எழும் சிப் ஆலை செய்யவிருப்பதும் அதே ரகம்தான். அரசுப் பணம் பாயும் அந்த ஆலைக்கு, மீனவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அபயக் கருவிக்கான சிப்பை முதல் ஆர்டர்களில் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். விலையை மானியம் ஏற்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் விலக்கு ஆணையாவது வெளிவர வேண்டும்.