பிரேக் பிடிக்கவில்லை என்றால் யார் நம்புவது?

எங்கள் ஊர் சித்தேரி. அரூரிலிருந்து மலையேறி வர வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அதனால் பிரேக், டிரைவர் என்று பேச்சு வந்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். எனக்கும் உண்டு. அதை இங்கே எழுதக் காரணம், இது டேட்டா பற்றிய விஷயம்.

என் சித்தப்பா மகன் லாரி டிரைவர். சில வருடங்களுக்கு முன் தொப்பூர் இறக்கத்தில் அவன் ஓட்டிய லாரி முன்னால் போன வண்டியில் மோதியது. "பிரேக் பிடிக்கலண்ணா" என்றான். "நியூட்ரலில் இறக்கியிருப்பான்" என்றார் முதலாளி. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் கியரை எடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் எல்லோரும் முதலாளி சொன்னதையே நம்பினார்கள். லாரியில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. அதை விற்றவர்களுக்கு நானே போன் செய்தேன். "ஓனர் கேட்டால்தான் தருவோம் சார், பழைய ரெக்கார்டு தானாக அழிந்துவிடும்" என்றார்கள். ஓனர் கேட்கவில்லை. தம்பிக்கு வேலை போனது.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸி போன்ற பயணிகள் வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. அதற்கான தரத்தின் பெயர் ஏஐஎஸ் 140. வண்டி ஓடும்போது 5 விநாடிக்கு ஒரு முறை வரை இடத்தையும் வேகத்தையும் சர்வருக்கு அனுப்ப அதனால் முடியும். எங்கள் மலை போல டவர் கிடைக்காத இடத்தில் மெமரியில் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். குறைந்தது 40,000 பதிவுகள் அதில் தங்க வேண்டும். 5 விநாடிக்கு ஒன்று என்றால் 55 மணி நேர ஓட்டம்!

இது எவ்வளவு பயன்படும் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, ஊட்டிக்குச் சுற்றுலா வந்துகொண்டிருந்த பள்ளி மாணவர்களின் தனியார் பஸ், முன்னால் சென்ற கேரள அரசு பஸ்சில் மோதியது. 9 பேர் இறந்தார்கள். பஸ்சின் வேகம் மணிக்கு சுமார் 97 கி.மீ. என்று சொன்னது ஜிபிஎஸ் பதிவுதான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்திருந்ததும் தெரியவந்தது. வேகம் கூடியபோது உரிமையாளரின் மொபைலுக்கும் எச்சரிக்கை போயிருந்தது. டிரைவரோடு அவரும் கைதானார்.

ஆனால் ஜிபிஎஸ் மட்டும் போதாது. 97 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி 5 விநாடியில் சுமார் 135 மீட்டர் ஓடிவிடும். மோதுவதற்கு முந்தைய முக்கியமான நேரம் இரண்டு பதிவுகளுக்கு நடுவே மறைந்துபோகலாம். பிரேக்கை மிதித்தாரா, கியரில் இருந்ததா என்பதும் ஜிபிஎஸ்சுக்குத் தெரியாது.

அது தெரிவது எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டருக்கு. நியூட்ரலில் ஓடும் வண்டியில் சக்கரம் வேகமாகச் சுற்றும், எஞ்சினோ சும்மா நிற்கும் வண்டியைப் போல மெதுவாகச் சுற்றும். கியரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தம்பி சொன்னது உண்மையா, முதலாளி சொன்னது உண்மையா என்று தெரிந்திருக்கும். தம்பி கியரில்தான் வந்தான் என்றால், அடுத்த கேள்வி பிரேக்கைக் கவனிக்காமல் விட்டவரிடம் போயிருக்கும். ஐரோப்பாவில் லாரிகளில் இருக்கும் டிஜிட்டல் டாக்கோகிராஃப், கடைசி 24 மணி நேர ஓட்டத்தின் வேகத்தை விநாடி விநாடியாக வைத்திருக்கிறது. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓய்வில்லாமல் ஓட்டினார் என்பதும் அதில் தெரியும்.

தொப்பூரில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகள் அடுத்தடுத்து வண்டிகளில் மோதி உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் கேமரா காட்சி டி.வி.யில் வருகிறது. மோதியதை அது காட்டும். ஏன் மோதியது என்று காட்டாது.

என் கருத்து இதுதான். உயிர் போன ஒவ்வொரு லாரி, பஸ் விபத்திலும் ஜிபிஎஸ், எஞ்சின் பதிவுகளை உடனே நகலெடுக்க வேண்டும். உரிமையாளர் கேட்டால்தான் என்பது கூடாது. ஒரு நகல் டிரைவருக்கும் கிடைக்க வேண்டும். மாற்றிவிடுவார்களே என்ற பயம் வேண்டாம். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அதன் ஹாஷ் எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டமும் கம்ப்யூட்டர் ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் எண்ணைக் கேட்கிறது.

டிரைவரை நாள் முழுக்கக் கண்காணிப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கண்காணிப்பு ஏற்கெனவே நடக்கிறது. அதன் பலன் முதலாளிக்கு மட்டும் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் வீட்டில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். வண்டியில் என்ன கருவி இருக்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். விபத்து நடந்தால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கொடுங்கள். நான் போனில் மட்டும் கேட்டேன். அதுதான் நான் செய்த தவறு.